தாமே வழக்காடுபவருக்கு: நீதிமன்றத்தின் எல்லை எது, அதை எப்போது எப்படிச் சொல்வது

சம்மன் வந்துவிட்டது. வக்கீல் வைக்கப் பணமில்லை, அல்லது முன்பு வைத்த வக்கீலிடம் நம்பிக்கை போய்விட்டது. நாமே போய் நின்றால் என்ன என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மாவட்ட முனிசீப் நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ ஓர் உரிமையியல் வழக்கில் பிரதிவாதியாக நிற்பவரின் நிலையை மனத்தில் வைத்தே எல்லாப் படிகளையும் சொல்கிறேன். வாதிக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். குற்ற வழக்குக்கு இது பொருந்தாது. அங்கே உங்கள் சுதந்திரமே பணயம் என்பதால், அரசு தரும் இலவச வக்கீலையாவது கட்டாயம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத்துக்குள் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். நீதிபதி நினைத்தால் எதையும் செய்யலாம் என்று பயந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் திரும்புகிறவர்கள் ஒரு வகை. இந்த நீதிமன்றத்துக்கு என்மேல் அதிகாரமே கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வாய்தாவுக்கே போகாமல் இருந்து வீட்டை இழக்கிறவர்கள் இன்னொரு வகை. நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குச் சட்டம் உண்மையிலேயே வேலி போட்டிருக்கிறது. ஆனால் அந்த வேலியில் பெரும்பகுதி, நீங்கள் அந்த நீதிமன்றத்திலேயே, உரிய நேரத்தில், எழுத்தில் சுட்டிக்காட்டினால்தான் உங்களைக் காக்கும்.

போவதற்கு முன்: நீங்களே பேசலாமா?

பேசலாம். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 3, விதி 1, வழக்கின் தரப்பினர் தாமே முன்னிலையாகலாம் என்கிறது. இனி வேறு சட்டத்தின் பெயர் சொல்லாத இடங்களில் கட்டளை, விதி, பிரிவு என்பவை இந்தச் சட்டத்தினுடையவை. இதற்கு யாருடைய தயவும் வேண்டாம். உங்களுக்காக உங்கள் அண்ணனோ மாமாவோ பேசுவது வேறு விஷயம். பவர் பத்திரம் வைத்திருப்பவர் உங்கள் சார்பில் மனு தாக்கல் செய்யலாம், முன்னிலையாகலாம். ஆனால் வக்கீலைப் போல வாதாட வேண்டுமானால், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமதி தர வேண்டும். உங்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதியைப் பற்றி உங்களுக்குப் பதிலாக அவர் சாட்சி சொல்லவும் முடியாது. உச்ச நீதிமன்றம் ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் (2005) இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தனியாக நிற்பது என்று முடிவெடுப்பதற்கு முன், நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவின் அறைக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். தகுதி இருந்தும் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் விடுபவர்கள் நிறையப் பேர். இது தர்மம் இல்லை, சட்டம் தந்த உரிமை.

குடும்ப நல நீதிமன்றத்தில் நிலைமை தலைகீழ். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்க முடியாது. தரப்பினரே பேசுவதுதான் அங்கே அடிப்படை. உயர் நீதிமன்றத்தில் தாமே வாதாட நினைத்தால், அதற்குத் தனி விதிமுறை என்ன இருக்கிறது என்று முதலில் பதிவுத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: சம்மனை வாங்குங்கள்

அமீனா வரும்போது கதவைச் சாத்திக்கொள்வதாலோ, பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்புவதாலோ வழக்கு நின்றுவிடாது. வாங்க மறுத்தால், முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். கதவில் ஒட்டலாம், பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாம். நீங்கள் இழப்பது உங்கள் நாட்களைத்தான்.

வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதிவைத்து, உறையையும் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை (வாதியின் வழக்குக்கு நீங்கள் எழுதித் தரும் பதில்) தாக்கல் செய்ய வேண்டும். காரணம் பதிவு செய்து, 90 நாள்வரை நீதிமன்றம் நீட்டிக்கலாம். அதற்கு மேலும் மிக அரிதான நிலையில் அனுமதிக்கலாம் என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வணிக நீதிமன்ற வழக்கு என்றால் 120 நாளோடு கதவு அடைபடும், அங்கே எந்தச் சலுகையும் கிடையாது.

சம்மனோடு பிராதின் (வாதி தாக்கல் செய்த வழக்கு மனுவின்) நகல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாக வேண்டும். என்ன குற்றச்சாட்டு என்று தெரியாமல் பதில் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது; நியாயமான நடைமுறையின் முதல் விதியே அதுதான். நகல் இல்லையென்றால் முதல் வாய்தாவில், ‘பிராது நகலும் வாதித் தரப்பு ஆவண நகல்களும் எனக்கு வழங்கப்படவில்லை’ என்று ஒரு பக்க மெமோ கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், மெமோ வழக்குக் கட்டில் இருக்கும். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வைத்து, எதிர்த்தரப்பு வக்கீலிடம் இன்னொரு நகல் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.

வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அதைத் தட்டினால் அடுத்த வாய்தா, அன்றைய உத்தரவு எல்லாம் தெரியும். ‘தேதி மாறிவிட்டது, எனக்குத் தெரியாது’ என்று நாளைக்குச் சொல்லாமல் இருக்க, இதை வாரம் ஒருமுறை பாருங்கள்.

இரண்டாம் படி: இந்த வழக்கை இந்த நீதிமன்றம் விசாரிக்கலாமா?

பிராதைப் படித்தவுடன் ‘பொய், பொய்’ என்று ஓரத்தில் எழுதத் தோன்றும். அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது இங்கே வர வேண்டிய வழக்குதானா?

சட்டம் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தடுத்திருந்தால் ஒழிய, உரிமையியல் தன்மையுள்ள எல்லா வழக்குகளையும் உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது 9-ஆம் பிரிவு. தடுத்திருக்கும் இடங்கள் பல. கடனுக்கு ஈடான சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின்கீழ் வங்கி எடுத்த நடவடிக்கையை எதிர்ப்பதென்றால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு முனிசீப் நீதிமன்றத்தின் வாசலை மூடிவிட்டது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையிலான, 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குள் வரும் தகராறுகள் வாடகை நீதிமன்றத்துக்கு உரியவை. சாலை விபத்து இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. கோயில் நிர்வாகம் பற்றிய சில கேள்விகளை முதலில் இந்து சமய அறநிலையத் துறை அதிகாரிகள்தாம் தீர்மானிக்க வேண்டும்.

இது பொருள் பற்றிய எல்லை. அடுத்தது இடம். நிலம், வீடு சம்பந்தமான வழக்கு அந்தச் சொத்து இருக்கும் எல்லைக்குள் உள்ள நீதிமன்றத்தில் வர வேண்டும். கடன், ஒப்பந்தம் போன்றவை பிரதிவாதி குடியிருக்கும் இடத்திலோ வழக்குமூலம் (வழக்குக்குக் காரணமான சங்கதி) எழுந்த இடத்திலோ வரலாம். மூன்றாவது மதிப்பு. வழக்கின் மதிப்பைப் பொறுத்து அது முனிசீப் நீதிமன்றத்துக்கா, சார்பு நீதிமன்றத்துக்கா, மாவட்ட நீதிமன்றத்துக்கா என்பது மாறும். எதிர்த்தரப்பு சொத்தை வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டு, நீதிமன்றக் கட்டணத்தையும் குறைத்துக் கட்டியிருக்கலாம். அதையும் பாருங்கள்.

இந்த மூன்று எல்லைகளுக்கும் ஒரே பலம் கிடையாது. பொருள் பற்றிய அதிகாரமே இல்லாத நீதிமன்றம் தீர்ப்பு சொன்னால் அது செல்லாக்காசு. எந்தக் கட்டத்திலும், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு நிலையில்கூட, அதை எதிர்க்கலாம். கிரண் சிங் எதிர் சமன் பாஸ்வான் (1954) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுபவர்கள் பலர், வழக்கில் உண்மையில் நடந்ததைச் சொல்வதில்லை. வாதிகளே வழக்கை 2,950 ரூபாய் என்று மதிப்பிட்டுத் தாக்கல் செய்தார்கள். கீழே தோற்றார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். பிறகு, சரியான மதிப்பு 9,980 ரூபாய், ஆகவே எங்கள் மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம்தான் கேட்டிருக்க வேண்டும், மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மதிப்பு பற்றிய தவறால் உங்களுக்கு உண்மையான பாதகம் நேர்ந்ததா என்றுதான் கேட்டது.

சட்டத்தின் 21-ஆம் பிரிவிலும் இதே எண்ணம்தான் இருக்கிறது. இடம், மதிப்பு பற்றிய ஆட்சேபத்தை முதல் நீதிமன்றத்திலேயே, முடிந்தவரை முதல் வாய்ப்பிலேயே, எழுவினாக்கள் (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வனைவதற்கு முன்பே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டுத் தோற்ற பிறகு எடுத்தால் கேட்கமாட்டார்கள். எனவே எதிர்வழக்குரையின் முதல் பத்தியே இதற்காக இருக்கட்டும். எந்தச் சட்டம் தடுக்கிறது, சொத்து எந்தக் கிராமத்தில் இருக்கிறது, அதன் மதிப்பு உண்மையில் எவ்வளவு என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ‘நீதிமன்றத்துக்கு ஆள்வரை இல்லை’ (அதிகார எல்லை இல்லை) என்று ஒரு வரி மட்டும் எழுதினால் அதனால் பயனில்லை.

எழுதிய பிறகு என்ன கேட்பது? தவறான நீதிமன்றம் என்றால், பிராதைத் திருப்பித் தரும்படி கட்டளை 7, விதி 10-இன்கீழ் கேட்கலாம். சட்டத்தால் தடுக்கப்பட்ட வழக்கு என்று பிராதைப் படித்தாலே தெரிந்தால், அதை நிராகரிக்கும்படி விதி 11-இன்கீழ் மனுப் போடலாம். இந்த விதி 11 மனுவில் நீதிபதி பார்ப்பது பிராதையும் அதோடு இணைத்த ஆவணங்களையும் மட்டுமே. உங்கள் எதிர்வாதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அங்கே எடுபடாது. புதியவர்கள் இது தெரியாமல் தங்கள் ஆவணங்களையெல்லாம் அந்த மனுவோடு கட்டிக் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, மனு தள்ளுபடியானதும் வழக்கே தோற்றதாக மனம் உடைகிறார்கள். வழக்கு தோற்கவில்லை. அந்த ஆவணங்கள் விசாரணையில் பேசும்.

காலவரம்பு இதில் தனி இடம் பிடிக்கிறது. 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, காலம் கடந்து வந்த வழக்கை நீங்கள் சொல்லாவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். ஆனாலும் சொல்லிவிடுங்கள். தேதிகளைத் தேடி எடுக்கும் அக்கறை உங்களுக்குத்தான் அதிகம்.

மூன்றாம் படி: எதிர்வழக்குரை

கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே எழுதலாம். பிராதின் பத்தி எண்ணைப் போட்டு, ஒவ்வொரு பத்திக்கும் பதில் சொல்லுங்கள். ‘பிராதில் உள்ள அனைத்தும் பொய், மறுக்கிறேன்’ என்று மொத்தமாக மறுப்பது ஆபத்து. கட்டளை 8-இன் 3 முதல் 5 வரையுள்ள விதிகளின்படி, குறிப்பாக மறுக்காத சங்கதி ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படலாம். ‘12.3.2021 அன்று ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்கினார்’ என்று பிராது சொன்னால், அந்தத் தேதியில் வாங்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தேதியிலும் வாங்கவில்லை என்பதா, ஐம்பதாயிரம்தான் வாங்கினேன் என்பதா, வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதா என்று முழுதாகச் சொல்லுங்கள்.

கையிலிருக்கும் ஆவணங்களைப் பட்டியலோடு இப்போதே கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுக்கத் தனி அனுமதி வேண்டும். கடைசியில் சரிபார்ப்பு வாசகமும் பிரமாணப் பத்திரமும் சேர்க்க வேண்டும்.

இந்தத் தாள்தான் நீதிபதிக்கும் எல்லை போடுகிறது. தரப்பினர் எழுதாத ஒன்றின்மேல் தீர்ப்புச் சொல்ல நீதிமன்றத்துக்கு உரிமையில்லை. சென்னையிலிருந்து போன டிரோஜன் நிறுவனம் எதிர் நாகப்ப செட்டியார் வழக்கில் (1953) உச்ச நீதிமன்றம் நிறுத்திய விதி இது. வாதி கேட்காத பரிகாரத்தை, அவர் பிராதில் சொல்லாத காரணத்தைக் கொண்டு அவருக்குக் கொடுக்க முடியாது. அதே விதி உங்களையும் கட்டும். நீங்கள் எழுதாத எதிர்வாதத்தைக் கடைசி நாளில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பயனில்லை.

நான்காம் படி: இடைக்கால உத்தரவு வந்துவிட்டால்

பல வழக்குகளில் சம்மனோடு சேர்ந்தே ஒரு தடை உத்தரவும் வரும். உங்களைக் கேட்காமலே கொடுத்தது. பார்த்ததும் கோபம் வருவது நியாயம்தான், ஆனால் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. கூடவே கட்டுப்பாடும் வைத்திருக்கிறது. கட்டளை 39, விதி 3-இன்படி, அறிவிப்பு கொடுத்துக் காத்திருந்தால் நோக்கமே கெட்டுவிடும் என்பதற்கான காரணத்தை நீதிபதி பதிவு செய்திருக்க வேண்டும். வாதி உடனே உங்களுக்கு மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்களின் நகல்களை அனுப்பி, அனுப்பியதற்கு அன்றோ மறுநாளோ பிரமாணம் தாக்கல் செய்திருக்க வேண்டும். விதி 3-அ-இன்படி, மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும்; முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டும். வழக்குக் கட்டைப் பார்வையிட மனுப் போட்டு இவை நடந்தனவா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால், விதி 4-இன்கீழ் உத்தரவை நீக்கக் கேட்கும் மனுவில் முதல் காரணம் அதுவாக இருக்கட்டும்.

30 நாள் கடந்தும் வாய்தா மேல் வாய்தா போனால்? வெங்கடசுப்பையா நாயுடு எதிர் செல்லப்பன் வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது. அப்படிப்பட்ட நிலையில் அந்த ஒருதலைப்பட்ச உத்தரவை எதிர்த்து நேரே மேல்முறையீடு செய்யலாம். இதுவும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்குதான்.

அதுவரை உத்தரவுக்குக் கட்டுப்படுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உத்தரவு தவறு என்று உங்களுக்குத் தோன்றுவதால் அது இல்லாமல் போய்விடாது. தயாபாய் பகசர்வாலா எதிர் ஹிந்த் ரப்பர் வழக்கில் (1997) கேள்வியே இதுதான். நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று பின்னால் தீர்மானமான வழக்கிலும், அதற்கு முன் இருந்த இடைக்காலத் தடையை மீறியது மீறல்தான் என்றது உச்ச நீதிமன்றம். மீறினால் சொத்தைப் பற்றுகை (நீதிமன்றம் முடக்கி வைப்பது) செய்யலாம், மூன்று மாதம்வரை உரிமையியல் சிறையிலும் வைக்கலாம்.

வழக்கு வரப்போகிறது என்று முன்பே வாசனை தெரிந்தால், 148-அ பிரிவின்கீழ் கேவியட் மனு போட்டு வையுங்கள். 90 நாளுக்கு, உங்களுக்குச் சொல்லாமல் இடைக்கால உத்தரவு வருவதைத் தடுக்க அது உதவும்.

ஐந்தாம் படி: நீதிமன்ற அறையில்

காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். பெயர் கூப்பிடும்போது எழுந்து, ‘ஐயா, நான் இரண்டாம் பிரதிவாதி, நேரில் முன்னிலையாகிறேன்’ என்று சொல்லுங்கள். பெண் நீதிபதி என்றால் ‘அம்மா’. பெஞ்ச் கிளார்க்கிடம் பணிவாகக் கேட்டால் அன்றைய பட்டியலில் உங்கள் வழக்கு எத்தனையாவது என்று சொல்வார். எக்காரணம் கொண்டும் நீதிபதியை அவர் அறையில் தனியாகப் பார்த்து விளக்கம் சொல்ல முயலாதீர்கள். எதிர்த்தரப்பு அப்படிச் செய்தால் நீங்கள் எவ்வளவு பதறுவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சாட்சி விசாரணையில் உங்களுக்கு மூன்று உரிமைகள் உண்டு. உங்களுக்கு எதிராக வரும் ஆவணம் எதுவானாலும் அதைப் பார்க்கும் உரிமை, அதற்குப் பதில் சொல்லும் உரிமை, அதைக் கொண்டுவந்த சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை. உங்களுக்குக் காட்டாத ஒரு தாளை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. நீதிபதியே இடத்தைப் போய்ப் பார்க்கலாம், ஆனால் பார்த்ததைக் குறிப்பாக எழுதி வழக்குக் கட்டில் சேர்க்க வேண்டும். அதே சமயம் குறுக்கு விசாரணையில் சம்பந்தமில்லாத, கேவலப்படுத்தும் கேள்விகளை நிறுத்தவும், தேவையானால் தாமே சாட்சியிடம் கேள்வி கேட்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ‘எதிர்த்தரப்புக்காக நீதிபதி கேள்வி கேட்கிறார்’ என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள்.

குறுக்கு விசாரணைக்குக் கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு கேள்வியில் ஒரு சங்கதி மட்டும். சாட்சியோடு வாதம் செய்யாதீர்கள். உங்கள் தரப்புக் கதை எதுவோ அதைச் சாட்சியிடம் வைத்தே ஆக வேண்டும்: ‘நீங்கள் சொல்லும் தேதியில் நான் திருச்சியில் இருந்தேன் என்றால் சரிதானே?’ வைக்காமல் விட்டால், சாட்சி சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள்.

ஒரு கேள்வியையோ ஆவணத்தையோ நீதிபதி அனுமதிக்க மறுத்தால், வாதத்தை நீட்டாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘என் ஆட்சேபத்தைப் பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.’ பதிவாகவில்லை என்று தோன்றினால், அன்றே ஒரு மெமோவில் என்ன கேட்டேன், என்ன மறுக்கப்பட்டது என்று நான்கு வரி, மரியாதையான மொழியில் எழுதித் தாக்கல் செய்யுங்கள். மேல்முறையீட்டு நீதிபதி அன்று அந்த அறையில் இருக்கவில்லை. அவருக்குத் தெரிவது கட்டில் உள்ள தாள்கள் மட்டுமே.

நீதிமன்றத்துக்கு 151-ஆம் பிரிவில் உள்ளார்ந்த அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது. நீதியின் தேவைக்காகத் தேவையான உத்தரவு போடலாம். வரம்பற்றதாகத் தோன்றும் இதற்கும் வரம்பு உண்டு. பதம் சென் வழக்கில் (1961), வாதி கணக்குப் புத்தகங்களைத் திருத்திவிடுவார் என்று பிரதிவாதிகள் பயந்ததால், முனிசீப் ஓர் ஆணையரை அனுப்பி அவற்றைக் கைப்பற்றச் சொன்னார். ஒருவரின் உடைமையைப் பலவந்தமாகக் கைப்பற்றும் அதிகாரம் 151-இல் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். நடைமுறையைச் சீராக நடத்தத்தான் அந்தப் பிரிவு. சட்டம் நேரடியாகச் சொன்னதை மீற அது உதவாது.

தவறவிட்ட வாய்தா

உடல்நலக் குறைவோ, பஸ் கிடைக்காததோ, ஒரு வாய்தா தவறி, ஒருதலைப்பட்சம் (நீங்கள் இல்லாமலே வழக்கு நடக்கும்) என்று குறித்துவிட்டார்கள். அதோடு கதை முடிந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் பலர். அன்றைக்கு மட்டும்தான் அது. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால், கட்டளை 9, விதி 7-இன்கீழ் தக்க காரணம் காட்டி அந்தக் குறிப்பை நீக்கக் கேட்கலாம். அது கிடைக்காவிட்டாலும், அந்தக் கட்டத்திலிருந்து மேற்கொண்டு கலந்துகொள்ளலாம். சங்கிராம் சிங் எதிர் தேர்தல் தீர்ப்பாயம் (1955) வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னபோது, நடைமுறைச் சட்டம் நீதிக்கு உதவ ஏற்பட்டது, ஆளைத் தண்டிக்க ஏற்பட்டதன்று என்றும் சொன்னது.

தீர்ப்பாணையே (வழக்கை முடிக்கும் உத்தரவு) ஆகிவிட்டது என்றால், அதே கட்டளையின் விதி 13-இன்கீழ் அதை நீக்கக் கேட்கலாம். சம்மன் முறையாகச் சேரவில்லை, அல்லது வர முடியாமல் போதிய காரணம் இருந்தது என்று காட்ட வேண்டும். காலம் 30 நாள், தீர்ப்பாணைத் தேதியிலிருந்து. சம்மனே சேரவில்லை என்றால், உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து. காலம் கடந்துவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போடுங்கள். மருத்துவச் சீட்டு, டிக்கெட், எது இருந்தாலும் இணையுங்கள். நோட்டீஸ் ஒட்டியதில் சிறு பிசகு இருந்தது என்பது மட்டும் போதாது. வழக்குத் தேதி உங்களுக்குத் தெரிந்து, வர அவகாசமும் இருந்ததென்றால் நீதிமன்றம் இரங்காது.

ஒருதலைப்பட்சம் என்றாலும் நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டதைக் கொடுத்துவிட முடியாது. எதிர்வழக்குரை தாக்கலாகாத வழக்கிலும் சங்கதிகளைப் பரிசீலித்து, காரணம் எழுதியே தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது பல்ராஜ் தனேஜா எதிர் சுனில் மதன் (1999). தீர்ப்பின் நகலை வாங்கிப் படித்து, இரண்டே வரியில் முடித்திருந்தால் மேல்முறையீட்டில் அதைச் சொல்லுங்கள்.

நீதிபதி பாரபட்சமாக இருக்கிறார் என்று தோன்றினால்

24-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ வழக்கை மாற்றக் கேட்கலாம். உறவு, பண சம்பந்தம், முன்பு எதிர்த்தரப்புக்கு வக்கீலாக இருந்தது போன்றவை நல்ல காரணங்கள். ஒரு மனு தள்ளுபடியானது, அதட்டிப் பேசினார் என்பவை மட்டும் போதாது. ஆதாரமில்லாமல் நீதிபதிமேல் பழி எழுதினால் அவமதிப்பு நடவடிக்கை உங்கள்மேல் வரலாம். அவர் உத்தரவு தவறு என்று எழுதுங்கள். ஆளைப் பற்றி எழுதாதீர்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வாசித்த அன்றே நகல் மனு கொடுங்கள். முனிசீப், சார்பு நீதிமன்றத் தீர்ப்புக்கு மாவட்ட அளவில் மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். நகல் தயாராகும் காலத்தைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் மனுக் கொடுக்காமல் இருந்த நாட்களைக் கழிக்க முடியாது.

மேல்முறையீடு தாக்கல் செய்துவிட்டால் தீர்ப்பு தானாக நின்றுவிடாது. நிறைவேற்றத்தை நிறுத்தி வைக்கத் தனி மனு வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் முடியும் முன், தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்திலேயே அதைக் கேட்கலாம். பணத் தீர்ப்பு என்றால் தொகையை டெபாசிட் செய்யச் சொல்வார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

நிறுத்தம் கிடைக்காமல் நிறைவேற்று மனு வந்தாலும் எல்லை இருக்கிறது, இதை ஒவ்வொரு கடன்காரர் வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்ய முடியாது (பிரிவு 56). சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன், கைதுக்காக வீட்டுக்குள் நுழைய முடியாது (பிரிவு 55). உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மதவழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழிலாளியின் கருவி, விவசாயியின் உழவு மாடு, அவரும் தொழிலாளியும் குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவற்றைப் பற்றுகை செய்ய முடியாது (பிரிவு 60). சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். ஜீவனாம்சத் தீர்ப்புக்குக் கணக்கு வேறு, அங்கே மூன்றில் ஒரு பங்குதான் தப்பும்.

சிறை என்று மிரட்டினால் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சி வங்கி (1980) தீர்ப்பைச் சொல்லுங்கள். கட்ட வசதியில்லாத ஏழையை, கடன் கட்டவில்லை என்பதற்காக மட்டும் சிறையில் போட முடியாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதில் எழுதினார். வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று தீர்ப்புதாரர் (தீர்ப்பைப் பெற்றவர்) காட்ட வேண்டும். இதற்கும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கைதுக்கு முன், ஏன் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று காரணம் கேட்டுப் பொதுவாக நோட்டீஸ் வரும். அந்தத் தேதியில் போய், வருமானம், குடும்பச் செலவு, மருத்துவச் செலவு, மற்ற கடன்கள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்து, மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.